குசினி ஓட்டையால் வந்த குளிர்

அறைக் காற்றை எடுத்து எரியும் ஹீட்டர் பொருத்திய வீட்டில், சமையல் புகையை வெளியே தள்ளும் உறிஞ்சி ஓடும்போது ஒரு யன்னல் திறந்திருக்க வேண்டும். யன்னல் மூடியிருந்தால் உறிஞ்சி ஓடக்கூடாது. ஓட முடியாதபடி ஒரு தடுப்பும் இருக்க வேண்டும். இதுதான் விதி. ஜேர்மன்காரர் இதை எழுத ஒன்றரைப் பக்கம் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒன்றரைப் பக்கத்தையும் மனப்பாடமாக வைத்திருந்தவன் நான். அதனால்தான் இதை எழுதும் தகுதி எனக்கு இருக்கிறது. விதி தெரியாதவன் செய்யும் பிழை சின்னப் பிழை. விதி தெரிந்தவன் செய்யும் பிழைக்கு அம்புலன்ஸ் வரும்.

விதிக்குக் காரணம் எளிது. உறிஞ்சி வீட்டுக் காற்றை வெளியே தள்ளினால் அந்த இடத்தை நிரப்ப வேறு காற்று உள்ளே வந்தாக வேண்டும். யன்னல் மூடியிருந்தால் அது ஹீட்டரின் புகைக்கூடு வழியாக இறங்கி வரும். வரும்போது மேலே போய்க்கொண்டிருந்த எரிவாயுக் கழிவையும் கூட்டிக்கொண்டு வரும். அந்தக் கழிவுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தலையிடி மட்டும் உண்டு.

ஹம்பேர்க்கில் வாடகை வீடுகளை நிர்வகிக்கும் ஒரு நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடம் தொழில்நுட்பப் பணியாளனாக இருந்தேன். அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்து இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைவிட நல்ல கருவிகள் வைத்திருக்கிறீர்கள், நல்ல ஜேர்மன் பேசுகிறீர்கள். ஆகவே குழாய் பூட்டுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நான் ஒரு குளிரை நிறுத்திய கதையை மட்டும் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு. மூன்றாம் மாடியில் ரமணன், சுகந்தி என்ற இளம் தம்பதியர். ரமணனுக்குத் துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் விடியற்காலை வேலை. சுகந்திக்கு அந்தப் புரட்டாதியில் பெண் குழந்தை பிறந்திருந்தது. குசினிச் சுவரில் காஸ் ஹீட்டர் தொங்கிற்று. அதற்கு எதிர்ப்பக்கம் அடுப்பு, அடுப்புக்கு மேல் உறிஞ்சி, உறிஞ்சியிலிருந்து வெளிச்சுவருக்கு ஒரு குழாய்.

அந்த உறிஞ்சி வந்த வரலாறு எங்கள் அலுவலகத்தின் பெருமைகளில் ஒன்று. மேல்மாடியில் இருந்த ஒரு கிழவி, கீழேயிருந்து பொரியல் மணம் வருகிறதென்று முறைப்பாடு எழுதினார். வாடகையாளர் பிரிவு உடனே ரமணனுக்கு ஒரு கடிதம் அனுப்பியது: சமைக்கும்போது யன்னலை மூடி வைக்கவும், மீறினால் வீட்டை இழக்க நேரலாம். அதே மாதம் தொழில்நுட்பப் பிரிவு உறிஞ்சியைப் பூட்டி, விதிப்படி யன்னலில் தடுப்பையும் வைத்து, இன்னொரு கடிதம் அனுப்பியது: யன்னலைத் திறந்தால் மட்டுமே உறிஞ்சி ஓடும். இந்த இரண்டு பிரிவுகளுக்கும் நடுவே ஒரு நடைபாதையும் ஒரு கோப்பி மெஷினும் இருந்தன. நாளுக்கு நாலு தரம் இரு பக்கத்தாரும் அங்கே சந்தித்து வானிலை பேசினார்கள்.

ஒரு ஜேர்மன் குடும்பமாக இருந்தால் இரண்டு கடிதங்களையும் பின்னில் கோத்து வக்கீலிடம் கொடுத்திருக்கும். எங்கள் ஆட்கள் அப்படியில்லை. அகதி விண்ணப்பக் காலத்தில் பழகிய பழக்கம்: கடிதம் வந்தால் கீழ்ப்படி. இரண்டு கடிதம் வந்தால் இரண்டுக்கும் கீழ்ப்படி. யன்னலை மூடவும் வேண்டும், உறிஞ்சியை ஓட்டவும் வேண்டும். அதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. யன்னல் சட்டகத்தில் தடுப்பின் உணரி. யன்னல் கதவில் விரல் நீளத்தில் ஒரு வெள்ளைக் காந்தம். காந்தம் பக்கத்தில் இருந்தால் யன்னல் மூடியிருக்கிறது என்று உணரி நினைத்து உறிஞ்சியை நிறுத்தும். காந்தத்தைக் கழற்றிவிட்டால் யன்னல் எப்போதும் திறந்திருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். ரமணன் கழற்றிவிட்டான். எனக்கு அது அப்போது தெரியாது.

ஐப்பசியில் அந்தக் கட்டிடம் முழுவதற்கும் புது யன்னல் வந்தது. கதவு, சட்டகம், கண்ணாடி எல்லாம் ரப்பர் வைத்து இறுக்கிய வகை. பூட்டியவர்கள் பழைய உணரிகளையும் காந்தங்களையும் பத்திரமாக எடுத்துப் புது யன்னல்களில் வைத்துக் கொடுத்தார்கள். ரமணன் தன் காந்தத்தை அவர்கள் வரும் நாளுக்கு வைத்து, போனதும் மறுபடி கழற்றிவிட்டான். யன்னல் மாற்றினால் புகைக்கூடு பரிசோதகருக்கு அறிவிக்க வேண்டும் என்பதும் ஒரு விதி. அறிவிக்கும் படிவம் என் மேலதிகாரியின் மேசையில் ஒரு கள்ளிச் செடியின் சட்டிக்கு அடியில் கிடந்தது. ஈரம் கசியாமலிருக்க வைத்தாராம்.

அதன் பிறகுதான் சுகந்தியின் குசினிக்குள் குளிர் வரத் தொடங்கிற்று. அடுப்புக்கு மேலிருந்து, உறிஞ்சிக் குழாய் வழியாக, கழுத்தில் கத்தி வைத்ததுபோல. கார்த்திகையில் அவள் தானே ஜேர்மனில் எழுதி அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பினாள். பதில் இல்லை. மார்கழியில் இன்னொன்று. அதற்கும் இல்லை.

தை மாதம் அந்தக் கட்டிடத்துப் படிக்கட்டு விளக்கொன்றை நான் மாற்றிக்கொண்டிருந்தபோது, குழந்தையைத் தோளில் போட்டபடி ஏறி வந்தாள்.

"அண்ணை, நீங்கள் தமிழோ?"

"ஓம்."

"கடவுளே எண்டு. ஒருக்கா எங்கட குசினியை வந்து பார்ப்பீங்களோ? குளிரில பிள்ளையைக் குளிப்பாட்டக்கூட ஏலாமக் கிடக்கு."

வேலை உத்தரவு இல்லாமல் எந்த வீட்டுக்குள்ளும் போகக்கூடாது என்பது எங்கள் விதி. ஆனால் ஒரு தமிழ்ப் பெண் அண்ணை என்று கேட்டுவிட்டாள். எனக்குள் இருந்த வள்ளல் எழும்பிவிட்டான். இந்த வள்ளலிடம் கவனமாயிருங்கள். ஆபத்தான ஆள்.

பார்த்தேன். குழாயின் வாயில் காற்றுத் திரும்பி வராமல் விழ வேண்டிய மூடி, மிளகாய் பொரித்த எண்ணெய்ப் பிசினில் ஒட்டித் திறந்தபடி நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று மாதம், இரண்டு கடிதம், ஒரு கைக்குழந்தை. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு உள்ளங்கை அளவு தகடு. வாகனத்தில் ரப்பர் விளிம்பு வைத்த புது மூடி ஒன்று இருந்தது. அரை மணித்தியாலத்தில் பூட்டிவிட்டேன். கையை வைத்துப் பார்த்தேன். ஊசி முனை அளவு காற்றும் வரவில்லை.

நான் வேலை செய்துகொண்டிருந்தபோது சுகந்தி சொன்னவற்றை இப்போது சொல்கிறேன். நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர், கேட்டவுடனே பிடித்துவிடுவீர்கள்.

"ஹீட்டர் எரியேக்கதான் அண்ணை குளிர் கூட வருது."

"அது உமக்கு அப்பிடித் தெரியும்," என்றேன்.

"தலையிடி வேற. சத்தி வாற மாதிரிக் கிடக்கும். டொக்டர், பிள்ளை பெத்த களைப்பு எண்டு சொல்லுறார். ஆனா கடைக்குக் கிடைக்குப் போனா உடனே சுகமாயிடும்."

"வெளியில போய் வந்தா மனதுக்கும் நல்லதுதானே," என்றேன்.

பதினாறு வருட அனுபவம், கட்டுபெத்தைப் பல்கலைக்கழகத்தில் படித்த பொறியியல், ஜேர்மன் சான்றிதழ் மூன்று. வாயைத் திறந்தால் வருவது இது.

அவள் எனக்கு வெங்காயம் வெட்டிப்போட்டு ஒரு முட்டைப் பொரியலும் தேத்தண்ணியும் தந்தாள். பொரிக்கும்போது உறிஞ்சி ஓடிற்று. யன்னல் மூடியிருந்தது. நான் ருசித்துச் சாப்பிட்டேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கோயில் கலண்டர் தொங்கிற்று. அதை விரல் நீளமான ஒரு வெள்ளைக் காந்தம் பிடித்துக்கொண்டிருந்தது. நல்ல நாள் எதுவென்றுகூடப் பார்த்தேன்.

நன்றி வாங்கிக்கொண்டு இறங்கி வாகனத்தில் ஏறினேன். இரண்டாவது சிக்னலில் சிவப்பு விழுந்தது. அந்தச் சிவப்புக்கு நான் இன்றுவரை கடமைப்பட்டிருக்கிறேன், ஏனென்றால் வேலை செய்யும்போது யோசிக்காத நான் சும்மா நிற்கும்போதாவது யோசித்தேன். முதலில் நினைவுக்கு வந்தது கலண்டர். பிறகு அதைப் பிடித்திருந்த வெள்ளைத் துண்டு. அதை எங்கே பார்த்திருக்கிறேன்? எங்கள் களஞ்சியத்தில், நூறு நூறாக, பெட்டியில்.

அப்படியென்றால் மூடிய யன்னலோடு உறிஞ்சி ஓடியது. அது ஓடும்போதெல்லாம் புகைக்கூடு தலைகீழாக வேலை செய்திருக்கிறது. உறிஞ்சி நிற்கும்போது? இறுக்கிய யன்னல் வீட்டில் ஹீட்டருக்கு எரிய எங்கிருந்து காற்று வந்தது? ஹீட்டர் எரியேக்கதான் குளிர் கூட வருது. அந்தப் பெண் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். வீடு மூச்சு விட்ட ஒரே துவாரம் அந்த உறிஞ்சிக் குழாய். அதைத்தான் நான் ஊசி முனை விடாமல் அடைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அந்த வட்டாரத்துப் புகைக்கூடு பரிசோதகரான மாஸ்டர், கறுப்புச் சட்டையும் வெள்ளிப் பொத்தானுமாகத் திரிந்த மனிதர், என்னிடம் சொன்னார்: "ஒரு காற்றை நிறுத்துமுன் அது யாருக்குப் போகிறது என்று கேள்." ஜேர்மன்காரருக்குப் பழமொழி பேசும் வியாதி உண்டு என்று நினைத்து அப்போது தலையாட்டிவிட்டேன்.

வாகனத்தைத் திருப்பினேன். கதவைத் திறக்கச் சுகந்திக்கு நேரம் எடுத்தது. நெற்றியைக் கதவில் முட்டுக்கொடுத்தபடி நின்றாள். "இப்ப நல்ல சூடாக் கிடக்கு அண்ணை," என்றாள். அந்த வசனத்துக்குப் பிறகு எனக்கு நன்றி சொல்லும் எவரையும் நான் முழுதாக நம்புவதில்லை.

யன்னல்களைத் திறந்தேன், ஹீட்டரின் எரிவாயுக் குழாயைத் திருகி மூடினேன், தொட்டிலில் கிடந்த குழந்தையைத் தூக்கினேன். குழந்தை கண் திறக்கவில்லை. அதன் கழுத்து என் கையில் துணிபோல விழுந்தது. தாயைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்து அம்புலன்ஸுக்கு அழைத்தேன். சத்தத்துக்கு மேல்மாடிக் கிழவி இறங்கி வந்தார். நிலைமையை ஒரு பார்வையில் விளங்கிக்கொண்டு குழந்தையை என்னிடமிருந்து வாங்கி, படிக்கட்டு யன்னலைத் திறந்து, குளிர் காற்றுக்கு முகத்தைக் காட்டிப் பிடித்தார்.

"இன்றைக்கும் வெங்காயம்," என்றார் என்னைப் பார்த்து. குழந்தை அழுதது. அந்த அழுகையை விட இனிய சத்தம் அந்தக் கட்டிடத்தில் அதற்கு முன் கேட்டதில்லை.

அம்புலன்ஸ் போன பிறகு நிறுவனத்தின் அவசர எண்ணுக்கு அறிவித்தேன். அதுவும் விதி.

"யாராவது மயங்கிக் கிடக்கிறார்களா?" என்று கேட்டார் மறுமுனைப் பெண்.

"இப்போது இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள்."

"அப்படியானால் இது அவசரம் இல்லை. வியாழக்கிழமை ஆள் வந்து பார்க்க ஒரு டெர்மின் தரலாம்."

"ஹீட்டரை நான் மூடிவிட்டேன்."

"நீங்களா? குளிர்காலத்தில் ஹீட்டரை நிறுத்த உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது?"

மாஸ்டரை நான் நேரே கூப்பிட்டேன். நாளைக் காலை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னார்.

தாய்க்கும் பிள்ளைக்கும் இரத்தத்தில் அந்த வாயு இருந்தது. ஒட்சிசன் கொடுத்தார்கள். தப்பிவிடுவார்கள் என்று மாலையில் சொன்னார்கள். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இங்கே கதையை முடித்தால் நான் வீரன். முடிக்க விடமாட்டேன், ஏனென்றால் நீங்கள் கற்க வேண்டியது அடுத்த நாள் காலை எட்டரை மணிக்கு நடந்தது.

நான் போனபோது ரமணன் குசினியில் ஜக்கெட்டோடு நின்றான். முகத்தில் நித்திரை இல்லை. யன்னல் கதவில் வெள்ளைக் காந்தம், புத்தம் புதிதாய் ஒட்டப்பட்டு, தன் இடத்தில் இருந்தது.

"திருப்பி வைச்சிட்டன் அண்ணை," என்றான்.

"அது சரி. மாஸ்டருக்கு என்ன சொல்லப்போறீர்?"

"ஒண்டும் சொல்லத் தேவையில்லை. நீங்களும் நேற்றுப் பூட்டின மூடியைக் கழட்டுங்கோ. பழைய மூடி குப்பையில கிடந்தது, அப்பிடியே எடுத்து வைச்சிருக்கிறன்." நீட்டினான். "அவர் வந்து பார்க்கேக்க எல்லாம் சரியாக் கிடக்கும். எனக்கும் பிரச்சினை இல்லை, உங்களுக்கும் இல்லை."

"உம்மட மனிசியும் பிள்ளையும் ஆஸ்பத்திரியில கிடக்கினம்."

"அதுக்குத்தான் சொல்லுறன்!" குரல் உடைந்தது. "வீட்டைப் பறிச்சுப்போட்டா அவையளை எங்க கொண்டுபோறது? கடிதத்தில எழுதிக் கிடந்தது அண்ணை, வீடு போகும் எண்டு. காந்தத்தைக் கழட்டினது நான். எழுதினீங்கள் எண்டா நான்தான் குற்றவாளி. உத்தரவில்லாமல் வேலை செய்தது நீங்கள். உங்களுக்கும் வேலை போகும். யோசியுங்கோ."

யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன், திருகாணியைக் கழற்றும் கோலைக் கையில் எடுத்துவிட்டேன். ஒரு திருகாணியைக் கழற்றியும் விட்டேன். என் ஓய்வூதியத்துக்கு இன்னும் ஆறு வருடம் இருந்தது. அவன் கெட்டவனல்ல, இரண்டு கடிதத்துக்கும் கீழ்ப்படிந்தவன். நானும் கெட்டவனல்ல, வள்ளல்.

இரண்டாவது திருகாணியில்தான் கணக்கு விளங்கிற்று. காந்தம் இடத்தில் இருந்தால் உறிஞ்சி மூடிய யன்னலோடு ஓடாது. பிசின் பிடித்த மூடி திறந்திருந்தால் ஹீட்டருக்குக் காற்று வரும். மாஸ்டர் வருவார், அளப்பார், எல்லாம் ஒழுங்கு என்று எழுதுவார். பொய் எழுதமாட்டார், அவர் அளந்த நேரத்தில் அது உண்மையாகவே இருக்கும். ஹீட்டரைத் திரும்ப மூட்டுவார். நாளை மறுநாள் சுகந்தி பிள்ளையோடு வீட்டுக்கு வருவாள். கிழவி இன்னொரு கடிதம் எழுதுவார். காந்தம் மறுபடி கலண்டருக்குப் போகும்.

கழற்றிய திருகாணியைத் திரும்ப முறுக்கினேன். பிறகு யன்னலுக்குப் போய்க் காந்தத்தைப் பிடுங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் கலண்டரின் மேல் ஒட்டினேன்.

"என்ன அண்ணை செய்யிறீங்கள்?"

"நேற்று எப்பிடிக் கிடந்ததோ அப்பிடிக் கிடக்கட்டும். அலுவலகத்தில இருந்து வந்த கடிதம் ரெண்டையும் எடும்."

"அது என்னத்துக்கு?"

"எடும் சொல்லுறன். யன்னலைப் பூட்டு எண்டும் எழுதினவங்கள், யன்னலைத் திற எண்டும் எழுதினவங்கள் உம்மை வீட்டால எழுப்புறதை நானும் ஒருக்காப் பார்க்கிறன்."

கதவு மணி அடித்தது. ரமணன் காந்தத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கை ஒருமுறை கலண்டர் பக்கம் போயிற்று. நான் குறுக்கே நின்றேன். அவன் போய்க் கதவைத் திறந்தான்.

மாஸ்டர் யன்னலை மூடி, ஹீட்டரை மூட்டி, அதன் மேல் விளிம்பில் ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்தார். கழிவு ஒழுங்காக மேலே போனால் கண்ணாடி தெளிவாக இருக்கும். அறைக்குள் திரும்பினால் பனி பிடிக்கும். உறிஞ்சியை ஓட்டினார். பனி பிடித்தது. நிறுத்திப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து மீண்டும் பனி பிடித்தது. யன்னலைத் திறந்ததும் தெளிந்தது. ஹீட்டரை அணைத்து, குழாயில் முத்திரை வைத்தார்.

"உறிஞ்சி ஓடும்போது வருவது ஒருவருடைய வேலை," என்றார். "நிற்கும்போது வருவது இன்னொருவருடைய வேலை."

"முதலாவது என்னுடையது," என்றான் ரமணன், தன் களஞ்சிய ஜேர்மனில். கலண்டரைக் காட்டினான்.

"இரண்டாவது என்னுடையது," என்றேன்.

மாஸ்டர் புது யன்னலின் ரப்பரை விரலால் தடவினார். "மூன்றாவது ஆளும் ஒருவர் உண்டு," என்றார். "அவர் இங்கே வரவில்லை." பிறகு கட்டிடத்தில் மற்ற வீடுகளுக்கும் தாமே ஏறி இறங்கினார். இன்னும் நான்கு ஹீட்டர்களுக்கு முத்திரை வைத்தார். அதில் ஒன்று கிழவியுடையது.

நான் ஒன்பது பக்க அறிக்கை எழுதினேன். என் மூடி, அவன் காந்தம், எங்கள் யன்னல், அறிவிக்காத படிவம், கடிதங்கள் இரண்டும் தேதி வரிசையில். பிள்ளைகளே, இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: பிழையைப் பாதி எழுதினால் அது எப்போதும் கீழே நிற்பவன் தலையில் விழும். முழுதாக எழுதினால் மேலே இருப்பவர்களுக்கும் அதைத் தூக்க வேண்டி வரும், அவர்கள் பாரம் தூக்க விரும்பாதவர்கள், ஆகவே மெதுவாகக் கீழே வைத்துவிடுவார்கள். ரமணனை யாரும் வீட்டை விட்டு எழுப்பவில்லை. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. காரணம், உத்தரவில்லாமல் ஹீட்டரை நிறுத்தியது. மூடியைப் பூட்டியதைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. என் மேலதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கள்ளிச் செடியையும் கொண்டு போனார்.

பங்குனியில், வெளியிலிருந்தே காற்றை எடுக்கும் புது ஹீட்டர்கள் ஐந்தும் வந்தன. சுகந்தியின் தலையிடி போயிற்று. அந்தக் கோடையில் ஒரு நாள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். பின்னால் குழந்தை எதையோ தட்டிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணை, கார்த்திகையில குளிரெண்டு கடிதம் போட்டனெல்லோ, பதில் வந்திருக்கு. வாசிக்கட்டே?"

"வாசியும்."

வாசித்தாள். சமையலறைத் துவாரத்தால் குளிர் காற்று வருவதாகத் தாங்கள் தெரிவித்த குறை, எங்கள் தொழில்நுட்பப் பணியாளர் புதிய மூடி பொருத்தியதன் மூலம் திருப்திகரமாக நிவர்த்தி செய்யப்பட்டுள்ளது. இத்துடன் இவ்விடயம் முடிவுற்றதாகக் கருதப்படுகிறது. தங்கள் பொறுமைக்கு நன்றி.

"எண்டைக்கு வந்தது?" என்று கேட்டேன்.

"இண்டைக்குத்தான் அண்ணை. வேர்த்து ஒழுகுது, எல்லா யன்னலும் திறந்து கிடக்கு."

சுவர்க் கலண்டரைப் பார்த்தேன். ஓகஸ்ட் மூன்று.